‘ஐஸ் மாதிரி’ என்று நான் சொன்னது

1. நீலக் கை

நான் ஸ்டாஃப் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், முதலில் வந்த நோயாளியின் வலது கை மணிக்கட்டு வரை நீலமாக இருந்தது. உடம்பு நீலம் பாரித்தால் ஆக்சிஜன் குறைவு என்று படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியவள் நான். சும்மா இருப்பேனா? பிரசவ அறையில் இருந்த ஒரே ஆக்சிஜன் சிலிண்டரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு ஓடி வந்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனிதர் என்னையும் சிலிண்டரையும் மாறி மாறிப் பார்த்தார். மெடிக்கல் ஆபீசர் மேடம் எழுதிக்கொண்டிருந்த சீட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “சிஸ்டர், அது இங்க்.”

அவர் மெயின் ரோட்டில் டீ மாஸ்டர். கொதிக்கும் பால் கையில் கொட்டிவிட்டது. உடனே பையனுடைய பேனா இங்க் பாட்டிலைத் திறந்து மொத்தத்தையும் கையில் கவிழ்த்துக்கொண்டு வந்திருக்கிறார். சிலிண்டரைத் திரும்ப உருட்டிக்கொண்டு போகும்போது ஆயா சிரித்த சிரிப்பு பிரசவ அறை வரைக்கும் கூடவே வந்தது.

இது தொண்ணூறுகளின் ஆரம்பம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். நான் கும்பகோணத்துக்காரி. கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை கிடைத்ததால் இந்தப் பக்கம் வந்தவள். ‘இன்னா’ என்றால் ‘என்ன’ என்று புரியவே எனக்கு ஒரு வாரம் ஆனது. அதற்குள் நான்கு பேரிடம் கோபித்துக்கொண்டுவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரும் கதைக்கு அது தேவைப்படும்.

தீக்காயத்தில் முதல் வேலை நிறம் பார்ப்பது. சிவந்து, ஈரமாக, தொட்டால் அலறினால் மேலோட்டமான காயம், பெரும்பாலும் ஆறிவிடும். வெள்ளையாகவோ கருப்பாகவோ இருந்து, தொட்டாலும் வலிக்கவில்லை என்றால் ஆழமான காயம், செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். இப்படி நிறம் பார்த்து முடிவெடுக்க வேண்டிய இடத்தில் இங்க்கைக் கொட்டினால் என்ன தெரியும்? இங்க்காவது பரவாயில்லை. தோசை மாவு, டூத் பேஸ்ட், காபித் தூள், முட்டை வெள்ளைக்கரு என்று ஒரு வீட்டின் காலை நாஸ்தா மொத்தமும் காயத்தின் மேல் ஏறி வரும். சட்னி மட்டும்தான் பாக்கி என்று மேடம் சொல்வார்.

எல்லாவற்றையும் போட்டுவிட்டு வருபவர்கள், போட வேண்டிய ஒன்றை மட்டும் போட மாட்டார்கள். தண்ணீர். ‘தண்ணி பட்டா கொப்புளம் கட்டிடும்’ என்பது அங்கே வேதவாக்கு. சூடு பட்ட உடனே தண்ணீர் ஊற்றினால் உள்ளே இறங்குகிற சூடு நின்றுவிடும், காயம் பாதியாகிவிடும். செலவில்லாத வைத்தியம். அதைச் செய்யாமல் வந்தவர்களுக்கு நாங்கள் காயத்தைக் கழுவி, டி.டி. ஊசி போட்டு, வெள்ளைக் களிம்பு தடவி, வாசலின் காஸ் வைத்துக் கட்டி அனுப்புவோம். வாசலின் காஸ் கடையிலிருந்து வராது. காஸ் துணியை அளவாக வெட்டி, வாசலினோடு டப்பாவில் அடுக்கி, ஆட்டோகிளேவ் என்கிற நீராவிக் கலத்தில் நாங்களே வேக வைத்து எடுப்போம்.

கழுவிக் கழுவி எனக்கு வெறுத்துப் போனது. மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு, ஊருக்கே பாடம் எடுத்துவிடுவது என்று கிளம்பினேன்.

2. ஓடற தண்ணி

எங்கள் கிராம சுகாதார நர்ஸ் லில்லி மாதம் ஒருமுறை மீனவர் குப்பத்தில் தாய்மார் கூட்டம் போடுவாள். அதில் பத்து நிமிஷம் கேட்டு வாங்கிக்கொண்டேன். வலை காய வைக்கும் கொட்டகையில் முப்பது பெண்கள், ஓரமாக நாலைந்து ஆண்கள்.

பாடப் புத்தகத்தில் படித்தது ‘கூல் ரன்னிங் வாட்டர்’. அதை அப்படியே தமிழாக்கி, சூடு பட்டால் உடனே ஓடற தண்ணியில் கையை வைக்க வேண்டும் என்றேன். ஓரத்தில் இருந்த ஒருவர் எழுந்து, ஓடற தண்ணின்னா பக்கிங்காம் கால்வாய்தானே, அங்கே போய்ச் சேர அரை மணி ஆகுமே என்று நியாயமாகக் கேட்டார். கொட்டகை சிரித்தது. குழாயைத் திறந்துவிட்டுக் கையைக் காட்டுங்கள் என்றேன். அதற்குச் சிரிப்பு இன்னும் அதிகமானது. பஞ்சாயத்துக் குழாயில் காலையில் ஒரு மணி நேரம் தண்ணீர் வரும், அதற்குள் நாற்பது குடம் வரிசையில் நிற்கும். என் குவார்ட்டர்ஸில் குழாய் எப்போது திறந்தாலும் தண்ணீர் வரும் என்பதால் எனக்கு இது உறைக்கவேயில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. புத்தகத்தை விட்டுவிட்டு என் வாயை நம்பினேன். ஓடுதோ, நிக்குதோ, ஐஸ் மாதிரி ஜில்லுன்னு இருக்கணும், அதில் கையை வையுங்கள், எரிச்சல் போகிற வரைக்கும் எடுக்காதீர்கள் என்றேன். சுத்தமாக, சத்தமாக, இரண்டு தடவை சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தரும் கேள்வி கேட்கவில்லை. அதைப் பார்த்து, நம் பேச்சு எடுபட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். லில்லிக்கு அன்றைக்கு என் செலவில் டீயும் வடையும்.

முன் வரிசையில் உட்கார்ந்து ரொம்ப அழுத்தமாகத் தலையாட்டியவர் கன்னியம்மா. நாற்பத்தைந்து வயது இருக்கும். ரோட்டோர மீன் சந்தையில் அரிவாள்மனை போட்டு மீன் வெட்டிக் கொடுப்பவர். வாங்குகிறவர்கள் மீனை எங்கே வாங்கினாலும் வெட்டுவதற்கு அவரிடம்தான் வருவார்கள். மகனுக்குக் கடலில் மீன் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்த வீட்டில் தினமும் உலை வைப்பது அவருடைய வலது கைதான்.

3. ஐஸ் பெட்டி

இரண்டு மாதம் கழித்து, புறநோயாளிக் கூட்டம் நெரியும் ஒரு காலை நேரம். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முதலில் இறங்கியது ஒரு தெர்மாகோல் மீன் பெட்டி. அதை ஒரு பக்கம் மருமகள் செல்வி தூக்கிக்கொண்டு வர, மறுபக்கம் கன்னியம்மா நடந்து வந்தார். அவருடைய வலது கை முழங்கைக்குக் கீழே பெட்டிக்குள் இருந்தது. பெட்டி நிறைய உடைத்த ஐஸ், ஓரத்தில் இரண்டு சங்கரா மீன்கள்.

நான் சிரித்துவிட்டேன். இன்றைக்கும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மீன் வறுக்கும்போது வாணலி சரிந்து எண்ணெய் கையில் ஊற்றிவிட்டதாம். செல்வி இங்க் பாட்டிலோடு ஓடி வந்தாளாம். கன்னியம்மா அவளைத் திட்டி விரட்டிவிட்டு, மீனுக்குப் போட வைத்திருந்த ஐஸில் கையைப் புதைத்துக்கொண்டிருக்கிறார். எரிச்சல் போகிற வரைக்கும் எடுக்கக் கூடாது என்று நான் சொன்னபடி, முக்கால் மணி நேரத்துக்கு மேல் எடுக்கவேயில்லை. ஏன் ஐஸில் வைத்தீர்கள் என்று பதறிக் கேட்டேன்.

“நீதானே நர்சம்மா சொன்னே, ஐஸ் மாரி தண்ணில வெய்யின்னு. எங்க வூட்ல ஐஸ் மாரி எதுக்கு, ஐஸே கீது” என்றார் பெருமையாக. “சொல்லக்கூடாது, எரிச்சலு சுத்தமா போச்சு.”

மேடம் ஓடி வந்து கையை வெளியே எடுத்தார். புறங்கையில் எண்ணெய் பட்ட இடம் கொப்புளித்திருந்தது. அது நாங்கள் தினமும் பார்ப்பதுதான். ஆனால் நடுவிரல், மோதிர விரல், சுண்டு விரல் மூன்றும் நுனியிலிருந்து மெழுகு மாதிரி வெளுத்துக் கிடந்தன. நகத்தை அழுத்தி விடுவித்தால் ரத்தம் திரும்பி வந்து சிவக்க வேண்டும். வரவில்லை. ஊசி முனையால் தொட்டார். கன்னியம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு செல்வியிடம் அந்த இரண்டு சங்கராவையும் என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

சூடு தோலைக் கெடுத்தது, ஐஸ் ரத்த ஓட்டத்தையே நிறுத்திவிட்டது என்று மேடம் என்னிடம் மெதுவாகச் சொன்னார். தேய்க்காமல் கொள்ளாமல், சாதாரணத் தண்ணீரிலிருந்து ஆரம்பித்து மெல்ல மெல்ல வெதுவெதுப்புக்குக் கொண்டுவந்தோம். சோப்புப் போட்டு மோதிரத்தைக் கழற்றினேன். நடுவிரல் கொஞ்சம் நிறம் திரும்பியது. மற்ற இரண்டும் அசையவில்லை. செங்கல்பட்டுக்குச் சீட்டு எழுதி, எங்கள் ஜீப்பிலேயே அனுப்பினார் மேடம். நானும் ஏறிக்கொண்டேன்.

திருக்கழுக்குன்றம் தாண்டினோம். கன்னியம்மா கேட்டார்: “விரலு போச்சின்னா நான் இன்னா நர்சம்மா பண்ணுவேன்? எனக்கு வேற வேல தெரியாதே.”

“தப்பு என்னோடதுக்கா. நான் சொன்னது தப்பு” என்றேன். வேலையில் சேர்ந்ததிலிருந்து அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். “அத்த அப்பறம் பாத்துக்கலாம். இப்ப கையைப் பாரு, ஜீப்பு குலுக்குற குலுக்குல கட்டு அவுந்துகினு வருது.”

4. ஓட்டுக் கேட்கும் கை

பெரிய ஆஸ்பத்திரி சர்ஜன் பார்த்துவிட்டு, எதையும் வெட்ட வேண்டியதில்லை, காத்திருந்து பார்ப்போம் என்றார். கட்டை எங்கள் நிலையத்திலேயே மாற்றலாம், வாரம் ஒருமுறை தன்னிடம் காட்ட வேண்டும், விரல் மடங்க வேண்டும், அதுதான் முக்கியம் என்று எழுதிக் கொடுத்தார்.

அதன் பிறகு தினமும் காலை எட்டு மணிக்குக் கன்னியம்மா, எட்டேகாலுக்கு டிரெஸ்ஸிங். கை தீக்காயத்தில் விரல்களைச் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டிவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாக வாசலின் காஸ் சுற்றி, தனித்தனியாகக் கட்ட வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை. வேறு யாரிடமும் விடாமல் நானே செய்தேன். வீக்கம் இறங்குவதற்குக் கையை நெஞ்சுக்கு மேலே தூக்கியே வைத்திருக்கச் சொன்னேன். சந்தை வழியாக அப்படியே நடந்து வந்திருக்கிறார். எந்தக் கட்சிக்கு ஓட்டுக் கேக்கற அண்ணி என்று ஒரு கூட்டமே கேட்டதாம். யாரு மீனு வெட்டக் காசு பாக்கி வெச்சிக்கீறாங்களோ அவுங்களுக்கு எதிர்க்கட்சி என்று பதில் சொன்னாராம்.

சாப்பாட்டில் ஒரு சண்டை. காயம் ஆறும்வரை மீனும் முட்டையும் தொட்டால் சீழ் பிடிக்கும் என்று ரசமும் சோறுமாக இளைத்துக்கொண்டிருந்தார். ஊருக்கெல்லாம் மீன் வெட்டிக் கொடுத்தவர் மீன் சாப்பிடாமல் கிடக்கிறார். தோல் வளர அதுதான் வேண்டும் என்று தொண்டை வறளச் சொன்னேன். நம்பவில்லை. ஒருநாள் மேடம் தன் டிபன் பாக்ஸிலிருந்து அவித்த முட்டையை எடுத்து உரித்து அவர் வாயிலேயே வைத்துவிட்டார். டாக்டரம்மா ஊட்டிவிட்ட முட்டை சீழ் பிடிக்காது போலிருக்கிறது, மறுநாளிலிருந்து மீன் குழம்பு ஆரம்பித்துவிட்டது.

விரலை மடக்கும் பயிற்சிதான் கொடுமை. புதுத் தோல் இழுக்கும், வலி உயிர் போகும். நான் மடக்குவேன், அவர் திட்டுவார். கும்பகோணத்தில் நான் கேள்வியே படாத வார்த்தைகள் எல்லாம் அங்கேதான் கற்றேன். இரண்டாவது வாரம் நடுவிரலில் ஊசி குத்தினால் ‘ஸ்ஸ்’ என்றார். நானும் ஆயாவும் கைதட்டாத குறைதான். வலிக்கிறது என்று ஒருத்தர் சொல்லி அவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் முறை. மோதிர விரல் நான்கு நாள் கழித்து வந்தது. சுண்டு விரல் வரவில்லை.

இதற்கிடையில் குப்பத்துக் கூட்டம் மறுபடி வந்தது. நான் போகவில்லை என்று மேடத்திடம் சொன்னேன். ஒழுங்காக ஊசி போட்டுக்கொண்டு இங்கேயே இருக்கிறேன், பாடம் எடுக்கிற வேலை எனக்கு வேண்டாம் என்றேன்.

மேடம் பேனாவை மூடி வைத்தார். “மூணு வருஷமா நாம சொன்னத யாரும் கேக்கல சிஸ்டர், அப்பல்லாம் உங்களுக்கு பயமே இல்ல. இப்ப ஒருத்தங்க கேட்டுட்டாங்க. அதான் பயமா இருக்கு. போயிட்டு வாங்க.”

5. ஐஸு மீனுக்கு

அதே கொட்டகை. இந்த முறை கூட்டம் இரண்டு பங்கு. வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் அதிகம். கன்னியம்மா முன் வரிசையில், கட்டுப் போட்ட கையைத் தூக்கிக்கொண்டு.

நான் போன தடவை சொன்னது தப்பு, அதனால் இவருக்கு இப்படி ஆனது என்று ஆரம்பித்தேன். ஐஸ் வைக்கக் கூடாது, சாதாரணத் தண்ணீர் போதும் என்றேன். உடனே ஒரு பெண், குடிக்கவே தண்ணி இல்லாத ஊரில் கையில் ஊற்றத் தண்ணிக்கு எங்கே போவது என்றாள். எத்தனை நேரம் ஊற்ற வேண்டும் என்றாள் இன்னொருத்தி. இருபது நிமிஷம் என்றேன். அந்தக் கொட்டகையில் கடிகாரம் கட்டியிருந்தவர்கள் நானும் லில்லியும்தான். மறுபடி என் வாய் தடுமாற ஆரம்பித்தது.

கன்னியம்மா எழுந்தார். என்னை நகரச் சொல்லிவிட்டு அவரே நடுவில் நின்றார். வீட்டில் குடத்துத் தண்ணி இருக்குமில்லையா, அது போதும், கீழே ஒரு பேசினை வைத்துக்கொண்டு சொம்பால் மொண்டு ஊற்று, பேசினில் விழுந்ததையே திரும்ப மொண்டு ஊற்று, ஒரு உலை சோறு வேகிற நேரம் ஊற்று என்றார். கிணற்றில் இருக்கிற உப்புத் தண்ணி ஆகுமா என்று என்னைப் பார்த்தார். சுத்தமாக இருந்தால் அதுவும் ஆகும் என்றேன். ஒரு குடத் தண்ணீரில் முடிகிற வேலையாக அதை மாற்றிவிட்டார். மூன்று வருஷப் படிப்பில் எனக்கு அது தோன்றவில்லை.

பிறகு கட்டுப் போட்ட கையை இன்னும் உயரத் தூக்கிக் காட்டினார். “ஐஸு மீனுக்கு. தண்ணி மனுசனுக்கு. மறந்துட்டீங்கன்னா என் கையை வந்து பாருங்க.”

6. அரை கிலோ நெத்திலி

ஐந்தாவது வாரம் கட்டு முழுவதும் பிரிந்தது. தோல் ரோஸ் நிறத்தில் புதிதாக இருந்தது. நான்கு விரல்கள் உள்ளங்கையைத் தொட்டன. சுண்டு விரல் மடங்கியது, ஆனால் நுனியில் மட்டும் உணர்ச்சி இல்லை. இனி வராது என்று சர்ஜன் சொல்லிவிட்டார். வேலைக்குப் போகலாமா என்று கன்னியம்மா கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கை பிடிக்கிறதா, வழுக்குகிறதா என்று எந்த ஊசி முனை சொல்லும்? எதற்கும் இன்னும் பதினைந்து நாள் பொறுங்கள் என்று இழுத்தேன். சரி என்று போய்விட்டார். பதினைந்து நாளும் எனக்குச் சரியான தூக்கமில்லை.

பதினாறாம் நாள் காலையில் வந்தார். கையில் ஒரு அலுமினியக் கிண்ணம், அதில் அரை கிலோ நெத்திலி. நேராக வந்து மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குக் கீழே, படியில் உட்கார்ந்துகொண்டார். பெரிய மீனை அரிவாள்மனை வெட்டிவிடும். நெத்திலிக்குக் கத்தி கிடையாது, நகமும் விரல் நுனியும்தான். சுண்டு விரல் நீளமே இருக்கும் அந்த மீனின் தலையைக் கிள்ளி, கூடவே குடலை உருவி, உடம்பு நசுங்காமல் போட வேண்டும். விரலில் உணர்ச்சி இல்லாதவர்களால் ஆகாத காரியம்.

புறநோயாளிகள் வரிசையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். நான் அவர் எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டேன். முதல் மீன் நழுவியது. அவர் அதைத் திரும்ப எடுத்தார். கிள்ளினார், உருவினார், போட்டார். அடுத்தது. அதற்கடுத்தது. பத்து மீனுக்குப் பிறகு கை பழைய வேகத்துக்கு வந்துவிட்டது. தலை ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம் என்று தானாகப் பிரிந்து விழுந்துகொண்டே இருந்தது. அரை கிலோவும் முடிந்தபோது ஒரு மீன்கூட நசுங்கியிருக்கவில்லை. எல்லோர் முன்னாலும் நான் அழுதேன். ஸ்டாஃப் நர்ஸ் யூனிஃபார்மில் அழக்கூடாது என்று எங்கள் நர்ஸிங் ஸ்கூல் டியூட்டர் சொல்லியிருந்தார், அதெல்லாம் அப்போது ஞாபகம் வரவில்லை.

சுண்டு விரல் எப்படியக்கா என்று கேட்டேன். அவர் கையைக் கழுவிக்கொண்டே அதை நீட்டிப் பார்த்தார்.

“நெத்திலிக்கு சுண்டு விரலு வேலையே இல்ல நர்சம்மா. அத்த நீ வெச்சிக்கோ.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆய்ந்த நெத்திலியில் பாதியை எனக்குக் கட்டிக் கொடுத்துவிட்டும் போனார். ஆனால் அந்தச் சுண்டு விரலை நான் வைத்துக்கொண்டேன். அதன் பிறகு ஓய்வு பெறும்வரை எந்த நோயாளிக்கு எதைச் சொன்னாலும், புரிந்ததா என்று நான் கேட்டதில்லை. அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். வீட்டுக்குப் போய் என்ன செய்வாய், அதை எனக்குச் செய்து காட்டு என்று கேட்பேன். சிலருக்கு எரிச்சல் வரும். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள், ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை எத்தனை டம்ளர் தண்ணீரில் கலப்பாய் என்று நான் கேட்டுக்கொண்டிருந்தால் பஸ்ஸைத் தவற விடுவார்கள். விடட்டும் என்று பிடிவாதமாகக் கேட்டேன். அப்படிக் கேட்ட பிறகுதான், நான் சொன்ன ஒன்று அவர்கள் காதில் எத்தனை விதமாக விழுகிறது என்று எனக்குத் தெரிய ஆரம்பித்தது.

இப்போது வேலையில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள், படம் போட்ட சார்ட்டெல்லாம் கையில் வைத்திருக்கிறீர்கள். ஆனாலும் நோயாளியிடம் சொல்லிவிட்டு மட்டும் அனுப்பாதீர்கள். அவர் வாயால் திரும்பச் சொல்ல வைத்து அனுப்புங்கள்.